கர்ப்பகால ‘யு’ வடிவத் தலையணை: பத்து வார அனுபவம்

இந்தத் தலையணை வீட்டுக்கு வந்த அன்று எனக்கு 18ஆம் வாரம் தொடங்கியிருந்தது. இன்று 27 வாரங்களும் 6 நாள்களும் நிறைவடைகின்றன; மருத்துவக் கணக்கில் இரண்டாவது டிரைமெஸ்டரின் (கர்ப்பத்தின் மும்மாதக் கட்டம்) கடைசி நாள். இடைப்பட்ட பத்து வாரங்களில் இரண்டே இரண்டு இரவுகள் தவிர மற்றெல்லா இரவும் இதன்மீதுதான் படுத்திருக்கிறேன். முதல் கர்ப்பம் என்பதால் எதை வாங்குவது, எதைத் தவிர்ப்பது என்று தெரியாமல் நான் தேடியலைந்தபோது, ஒரு வாரம் பயன்படுத்திவிட்டு எழுதப்பட்ட பாராட்டுகளே எங்கும் கிடைத்தன. வயிறு வாரத்துக்கு வாரம் மாறும் காலத்தில் ஒரு வார அனுபவம் போதாது என்று தோன்றியதால், காத்திருந்து இப்போது எழுதுகிறேன்.

நான் சிறு வயதிலிருந்தே குப்புறப் படுத்துத் தூங்கிப் பழகியவள். மசக்கை வாட்டிய முதல் மூன்று மாதங்களிலும் அந்தப் பழக்கத்துக்குத் தடை வரவில்லை. கர்ப்பப்பை அப்போது இடுப்பெலும்புக்குள்ளேயே அடங்கியிருந்தது. மசக்கை தணிந்து, சாப்பாடு ருசிக்கத் தொடங்கி, உடம்பில் தெம்பு திரும்பிய 16, 17ஆம் வாரங்களில்தான் தூக்கம் கெட்டது. குப்புறப் படுத்தால் அடிவயிற்றின்மேல் ஒரு பந்தை வைத்து அழுத்துவது போலிருந்தது. ஒருக்களித்துப் படுத்தாலோ மேலே இருக்கும் கால் முன்பக்கம் சரிந்து இடுப்பை முறுக்கியது. வீட்டிலிருந்த சாதாரணத் தலையணைகளில் ஒன்றை முழங்கால்களுக்கு நடுவிலும் இன்னொன்றை முதுகுக்குப் பின்னாலும் வைத்துப் பார்த்தேன். படுத்த அரைமணி நேரம் நன்றாக இருக்கும். விழித்துப் பார்த்தால் ஒன்று கட்டிலுக்கடியில் கிடக்கும், மற்றொன்று காலடியில் சுருண்டிருக்கும்.

தலையணையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வளைந்த மேற்பகுதியில் தலையை வைத்துக்கொள்ள வேண்டும். அங்கிருந்து இரு நீண்ட கைகள் உடலின் இருபுறமும் கால்வரை இறங்குகின்றன. நீளம் ஏறத்தாழ 145 சென்டிமீட்டர், எடை இரண்டரைக் கிலோவுக்குச் சற்று மேல். உள்ளே பாலியஸ்டர் பஞ்சு, மேலே ஜிப் வைத்த பருத்தி உறை. ஜிப் வெளிப்பக்கத்து வளைவில், ஒரு மடிப்புக்குள் மறைவாகத் தைக்கப்பட்டிருப்பதால் தூக்கத்தில் எங்கும் உறுத்தியதில்லை. வாங்குபவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய இடம் இது. உள்பக்கம் ஜிப் வைத்த ஒன்றில் உறவுக்காரப் பெண் ஒருவரின் தொடை உராய்ந்து சிவந்துபோனதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

முதல் வாரம் எனக்கு ஏமாற்றமே. பஞ்சு புதிதாகத் திமிர்த்துக்கொண்டிருந்ததால் தலைப்பகுதி மிகவும் உயரமாக இருந்தது. காலையில் கழுத்து வலித்தது. வயிற்றைத் தாங்கும் என்று சொன்னார்களே, தாங்குவதற்கு இன்னும் பெரிய வயிறே இல்லையே என்றுதான் நினைத்தேன். மேற்பகுதியின் தையலை ஓரத்தில் சிறிது பிரித்து, இரண்டு கையளவு பஞ்சை எடுத்துவிட்டு மறுபடி தைத்த பிறகு கழுத்துவலி நின்றது. இதற்கென உள்ளுறையிலும் ஒரு ஜிப் வைத்திருந்தால் ஊசி நூலுக்கு வேலையே இருந்திருக்காது.

இதன் உண்மையான பயன் எனக்குப் புரிந்தது 21ஆம் வாரத்தில். கர்ப்பப்பையின் உச்சி 20ஆம் வாரத்தில் தொப்புள் மட்டத்தைத் தொடும் என்பார்கள், எனக்கும் அப்படியே. அதன்பிறகு, படுக்கையில் புரளும்போதெல்லாம் தொடை இடுக்கில் சுரீரென்று ஒரு வலி பாயும். கர்ப்பப்பையைத் தாங்கிநிற்கும் தசைநார்கள் நீண்டு கொடுக்கும் காலத்தில், சட்டென்று திரும்பினால் இப்படி இழுத்துப் பிடிக்கும் என்று மருத்துவர் விளக்கினார். முழங்கால்கள் இரண்டையும் ஒன்றாக மடித்து வைத்துக்கொண்டு, தோளும் இடுப்பும் ஒருசேரத் திரும்பும்படி மெதுவாகப் புரளச் சொன்னார். ‘யு’ வடிவத்தின் அருமை இந்த இடத்தில்தான். முன்னாலிருக்கும் கையின்மீதிருந்து காலை எடுத்து, இரு முழங்கால்களையும் சேர்த்து, உடம்பை உருட்டினால் போதும். அதுவரை முதுகைத் தாங்கிய மறுகை இப்போது வயிற்றுக்கு முன்னால் வந்து நிற்கும். எதையும் தூக்கி நகர்த்த வேண்டியதில்லை, கண்ணைத் திறக்கக்கூட வேண்டியதில்லை. ‘சி’ வடிவத் தலையணை சிறியது, இடத்தை அடைக்காது என்பது உண்மைதான். ஆனால் அதில் புரளும்போதெல்லாம் முழுவதையும் மறுபக்கத்துக்கு மாற்றிப்போட வேண்டியிருக்கிறது. இரவில் நான்கைந்து முறை புரளும் எனக்கு அது ஒத்துவரவில்லை.

ஆகவே வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது: வயிற்றைத் தாங்கும் என்பதற்காக இதை வாங்காதீர்கள். அதற்கு மட்டும் என்றால் ஆப்பு வடிவிலான சிறு தலையணையே போதும். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை மேற்காலை ஒரே மட்டத்தில் நிறுத்துவதும், புரளும் வேலையைக் குறைப்பதுமே இதன் பலம். முழங்காலுக்கு மட்டும் அணைகொடுத்து, பாதத்தைக் கீழே தொங்கவிட்டால் இடுப்பு மறுபடி முறுக்கிக்கொள்கிறது. அதனால் நீளத்தை அளந்து பார்த்து, உங்கள் கணுக்கால் வரை எட்டுகிறதா என்று உறுதிசெய்த பிறகே வாங்குங்கள்.

குழந்தையின் அசைவை நான் முதன்முதலில் உணர்ந்ததும் இதன்மீது படுத்திருந்த ஓர் இரவில்தான். முதல் கர்ப்பத்தில் 18 முதல் 20 வாரங்களுக்குள் தெரியும் என்று படித்திருந்ததால், 20 வாரம் கடந்தும் ஒன்றும் தெரியாதபோது எனக்குக் கவலையாக இருந்தது. குழந்தையின் உறுப்புகள் சரியாக வளர்ந்திருக்கின்றனவா என்று பார்க்கும் அனாமலி ஸ்கேனில் எல்லாம் சரியாக இருப்பதாகவும், நஞ்சுக்கொடி (பிளசென்டா) கர்ப்பப்பையின் முன்சுவரில் அமைந்திருப்பதால் அசைவு தெரியச் சற்றுத் தாமதமாகலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். 22ஆம் வாரத்தின் மூன்றாம் நாள் இரவு, இடப்பக்கம் சாய்ந்து, வயிற்றின் பக்கவாட்டைத் தலையணையில் சாத்தி, அசையாமல் கிடந்தேன். அடிவயிற்றின் இடது ஓரத்தில், தோலுக்கு உள்ளிருந்து யாரோ விரல்நுனியால் ஒருமுறை தட்டினாற்போல் இருந்தது. வாயுவாக இருக்கும் என்று நினைத்தேன். அதே இடத்தில் மறுபடியும் இரண்டு தட்டு. மூச்சைப் பிடித்துக்கொண்டு கணவரின் கையை இழுத்து அங்கே வைத்தேன். “எனக்கு ஒன்றும் தெரியலையேம்மா,” என்றார் அவர். கையை மட்டும் எடுக்கவேயில்லை. வெளியிலிருந்து அவருக்கு அது தெரிய மேலும் இரண்டரை வாரங்கள் ஆயின. தலையணைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதை நான் அறிவேன். ஆனாலும் உடம்பு எங்கும் வலிக்காமல், மனம் வயிற்றின்மீது மட்டும் நிற்கும்படி அசையாமல் கிடக்க முடிந்த இரவு அது என்பதால் இங்கே குறிப்பிடுகிறேன்.

இதனால் தீராத தொல்லைகளும் உண்டு. நெஞ்செரிச்சலுக்கு இது உதவவில்லை. கர்ப்பத்தில் அதிகரிக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் உணவுக்குழாயின் அடிவாயிலைத் தளர்த்துவதால் அமிலம் மேலேறுகிறது. அதற்கு உடலின் மேற்பாதி முழுவதும் உயர்ந்திருக்க வேண்டும், இதுவோ தலையை மட்டுமே உயர்த்துகிறது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் மரக்கட்டைகளை வைத்த பிறகுதான் எனக்கு எரிச்சல் குறைந்தது. இரவில் கெண்டைக்கால் சதை பிடித்துக்கொள்வதும் இதனால் நிற்கவில்லை.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது தலையணையுடன் வந்த துண்டுத்தாளைப் படித்தபோது. இடப்பக்கம் மட்டுமே படுக்க வேண்டும், மல்லாந்து படுத்தால் குழந்தைக்கு ரத்த ஓட்டம் நின்றுவிடும், அதை இந்தத் தலையணை தடுக்கும் என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அதைப் படித்த நாளிலிருந்து, நடு இரவில் மல்லாந்த நிலையில் விழிப்பு வந்தாலே நெஞ்சு படபடக்கும். குழந்தைக்கு என்ன ஆயிற்றோ என்று விடியும்வரை தூங்காமல் கிடப்பேன். அடுத்த பரிசோதனையின்போது அந்தத் தாளையே மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பொறுமையாக விளக்கினார். வளர்ந்த கர்ப்பப்பை, மல்லாந்து படுக்கும்போது முதுகெலும்பின் வலப்பக்கமாக ஓடும் பெருஞ்சிரையை அழுத்துவது உண்மை. சிலருக்கு அதனால் தலைசுற்றல் வரும். ஆனால் அறிவுரை முக்கியமாக 28ஆம் வாரத்துக்குப் பிந்தைய காலத்துக்கானது. தூங்கத் தொடங்கும்போது ஒருக்களித்துப் படுக்க வேண்டும். இடப்பக்கமானாலும் வலப்பக்கமானாலும் சரியே. நடுவில் மல்லாந்திருப்பதைக் கண்டால் பதறாமல் திரும்பிப் படுத்துக்கொண்டால் போதும்.

வீட்டுக்கு வந்ததும் நானும் தேடிப் படித்தேன். 5 ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2019-இல் வெளியான பகுப்பாய்வு, கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் மல்லாந்து தூங்கத் தொடங்குவதற்கும் குழந்தை வயிற்றிலேயே இறப்பதற்கும் தொடர்பு இருப்பதைக் காட்டுகிறது. இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் இடையே அது வேறுபாடு எதையும் காணவில்லை. ஆகவே கவனம் தேவைதான். ஆனால் ஒரு பொருளை விற்பதற்காக, ஏற்கெனவே ஒவ்வோர் அசைவையும் எண்ணிக்கொண்டு பயத்தோடு வாழும் முதல்முறைத் தாயிடம் பாதி உண்மையைச் சொல்லி அச்சுறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. எந்தத் தலையணையாலும் தூக்கத்தில் உடம்பை ஒரே நிலையில் நிறுத்திவைக்க முடியாது. இதன்மீதும் நான் பலமுறை மல்லாந்திருக்கிறேன். ஆனால் பின்கை முதுகுக்கு அணையாக இருப்பதால் பெரும்பாலும் முழுதும் மல்லாராமல் பாதிச் சாய்விலேயே நின்றுவிடுகிறேன்.

குறைகளில் முதலாவது சூடு. கர்ப்பத்தில் உடம்பு ஏற்கெனவே கதகதப்பாக இருக்கிறது. இருபுறமும் பாலியஸ்டர் பஞ்சு அணைத்துக்கொள்ளும்போது இரவில் கழுத்தும் முதுகும் வியர்வையில் நனைந்துவிடுகின்றன. வாரம் ஒருமுறை உறையைத் துவைத்தே ஆக வேண்டும்; மாற்று உறை கூட வராததால் காயும்வரை காத்திருக்க வேண்டியதுதான். நான் தலையணை இல்லாமல் தூங்கிய அந்த இரண்டு இரவுகளும் உறை காயாததால் வந்தவையே. இரண்டாவது, சிறுநீர் கழிக்க எழும்போது இதற்குள்ளிருந்து வெளியே வருவது சுலபமில்லை. கீழ்முனை வழியாகக் காலை இறக்கி, கையை ஊன்றி எழப் பழகிக்கொள்ள வேண்டும். கால் வைக்கும் பகுதியில் எட்டு வாரத்தில் பஞ்சு அமுங்கிப் பள்ளமாகியிருக்கிறது. இரவு படுக்குமுன் அடித்து உதறிச் சரிசெய்கிறேன்.

கட்டிலில் பாதிக்குமேல் இதற்கே போய்விடும். கணவர் முதல் வாரம் விளிம்பில் ஒடுங்கிப் படுத்துப் பார்த்துவிட்டு, கட்டிலை ஒட்டித் தரையில் மெத்தை விரித்துக்கொண்டார். எங்களுக்குள் இது மனத்தாங்கல் ஆகவில்லை. இருந்தாலும், பக்கத்தில் கைநீட்டினால் அவர் இல்லாமல் பஞ்சுச் சுவர் இருப்பது எனக்கு வருத்தமாகவே இருந்தது. இப்போது தூக்கம் வரும்வரை தலையணையின் ஒரு கையை மடித்து அவருக்கு இடம்விட்டுப் படுக்கிறோம். அசைவு அதிகமாகத் தெரிவதும் அந்த நேரத்தில்தான். பிறகு அவர் கீழே இறங்கிவிடுவார்.

மொத்தத்தில், 5 மதிப்பெண்ணுக்கு 4 கொடுப்பேன். ஒருக்களித்துப் படுத்தால் இடுப்போ தொடை இடுக்கோ வலிப்பவர்களும், இரவில் அடிக்கடி புரள்பவர்களும் தாராளமாக வாங்கலாம். 20ஆம் வாரத்துக்கு முன் அவசரப்பட வேண்டாம். சாதாரணத் தலையணை ஒன்றை முழங்காலுக்கு நடுவில் வைத்தே நன்றாகத் தூங்க முடிகிறவர்களுக்கு இது தேவையில்லை. கட்டில் சிறியதாக இருந்தாலோ உடம்பு எளிதில் வியர்த்தாலோ ஆப்பு வடிவத் தலையணையை முதலில் முயன்று பாருங்கள்.

நாளை எனக்கு 28ஆம் வாரம் தொடங்குகிறது. உறையைக் காலையிலேயே துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். தையல் ஓரங்களில் மட்டும் இன்னும் ஈரம் இருக்கிறது. இருட்டுவதற்குள் காய்ந்துவிட்டால் இன்றிரவே மாட்டிவிடுவேன்.