சீ ஹாக் கிட், 72-ல் ஒரு பங்கு: பிளாஸ்டிக் அருமை, இந்தியாவுக்கு மட்டும் ஓரவஞ்சனை

நிஜ விமானத்தை 72-ல் ஒரு பங்காகச் சுருக்கி, பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் செய்யும் மாடல் பெட்டி இது. கம்பெனி பெயர் வேண்டாம், இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களுக்கு நான் சொல்லப்போவதை வைத்தே எந்தப் பெட்டி என்று புரிந்துவிடும். சீ ஹாக் என்பது பிரிட்டிஷ் கடற்படைக்காக ஹாக்கர் நிறுவனம் வடிவமைத்த ஜெட், விமானம் தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்புவது. இந்தக் கிட்டில் வருவது அதை வாங்கிப் பறக்கவிட்ட மற்ற மூன்று நாடுகளின் விமானங்கள், அதாவது நெதர்லாந்து, மேற்கு ஜெர்மனி, இந்தியா. அட்டைப்படத்தில் கம்பீரமாகப் பறப்பது ஜெர்மன் விமானம். நம்முடையது பெட்டியின் பக்கவாட்டில், பார்கோடுக்குப் பக்கத்தில், தபால்தலை அளவுக்கு இருக்கிறது. அதைப் பார்த்ததுமே எனக்கு லேசாக எரிச்சல் வந்துவிட்டது. ஏனென்றால் இந்த விமானத்தை அதிக காலம் பறக்கவிட்டதும் நாம்தான், அந்த மூன்று நாடுகளில் அதைக் கப்பலிலிருந்து கிளப்பிப் போரில் இறக்கியதும் நாம் மட்டும்தான்.

சரி, முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வார்ப்பு சுத்தமாக இருக்கிறது, ஓரங்களில் பிசிறு இல்லை, உப்புத்தாளுக்கு அதிகம் வேலை இல்லை. சீ ஹாக்கில் எந்தக் கம்பெனிக்கும் தண்ணி காட்டும் இடம் புகைபோக்கிதான். உள்ளே இருப்பது ஒரே ஒரு ரோல்ஸ் ராய்ஸ் நீன் எஞ்சின், ஆனால் வெப்பக்காற்று வால் வரை நேராகப் போகாமல் இரண்டாகப் பிரிந்து, இறக்கை உடம்போடு சேரும் இடத்தின் பின்னால் இடம் வலம் இரண்டு பக்கமும் வெளியே வரும். அதனால் பின் உடம்பு எரிபொருளுக்குக் காலியாகக் கிடைத்தது. நிஜ விமானத்தில் அது கெட்டிக்கார வேலை, கிட்டில் அது தலைவலி, பாகங்கள் ஒட்டும் கோடு அந்த ஓட்டையில் வந்து தொலைக்கும். இவர்கள் அந்தக் குழாயைத் தனிப் பாகமாகக் கொடுத்து உள்ளிருந்து செருக வைத்திருக்கிறார்கள், கச்சிதமாக உட்கார்ந்தது, இடைவெளியை அடைக்கும் புட்டியே தேவைப்படவில்லை. மூக்கின் அடியில் நான்கு 20 மி.மீ. பீரங்கிகளின் வாய்கூடத் தெளிவாக இருக்கிறது. ஒன்று மட்டும் கவனம், இது மூக்குச்சக்கரம் உள்ள விமானம், எடை போடாவிட்டால் பின்பக்கம் சாய்ந்து உட்கார்ந்துவிடும். தூண்டில் முள்ளுக்கு மேலே கட்டுகிற ஈயக் குண்டுகளைக் காக்பிட்டுக்கு முன்னால் நெருக்கி அடைத்துவிடுங்கள்.

அப்புறம் வால். பெட்டியில் இரண்டு செங்குத்து வால்கள் இருக்கின்றன, ஒன்று சாதாரணம், இன்னொன்று உயரமானது. ஜெர்மானியர்கள் தங்களுக்கு வாங்கிய 68 விமானங்களுக்கும் வாலை உயர்த்திக் கேட்டார்கள், அதுதான் இந்த இரண்டாவது வால். செய்முறைத் தாள் உயர வாலுக்கு ஜெர்மனி, சாதாரண வாலுக்கு நெதர்லாந்தும் இந்தியாவும் என்று பிரித்துவிட்டுப் போய்விடுகிறது. இங்கேதான் கோட்டை விட்டிருக்கிறார்கள். ஜெர்மன் கடற்படை சீ ஹாக்கைக் கழித்துவிட்டு எஃப்-104 போர் விமானத்துக்கு மாறியபோது, அந்தப் பழைய விமானங்களில் 28 இந்தியாவுக்கு வந்தன. 1960-களின் நடுவில், துணைக்கண்டத்துக்கு ஆயுதம் விற்க எல்லோரும் தயங்கிய நேரத்தில், ஓர் ஆயுதத் தரகர் வழியாக, காகிதத்தில் இத்தாலிக்கு என்று எழுதிக் கப்பல் ஏற்றிய சரக்கு அது. (இதை வைத்தே ஒரு துப்பறியும் தொடர் எழுதலாம்.) அவை உயர வாலோடு வந்தவை. ஆகவே இந்தியக் கொடி போட்ட சீ ஹாக்குக்கு இரண்டு வாலும் பொருந்தும், எந்த எண்ணுள்ள விமானத்தைச் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பசை எடுப்பதற்கு முன் அந்த எண்ணுக்கான பழைய போட்டோ ஒன்றைத் தேடிப் பிடித்துவிடுங்கள்.

ஏவுகணையிலும் அதே அசட்டை. இறக்கைக்கு அடியில் மாட்ட இரண்டு சைடுவிண்டர் கொடுத்திருக்கிறார்கள், அது டச்சுக்காரர்கள் மாட்டிய சமாச்சாரம். தாளில் எந்த நாட்டுக்கு என்று பிரித்துச் சொல்லவில்லை, நீங்களும் ஆசையாக நம் விமானத்தில் தொங்கவிட்டுவிடாதீர்கள். நம் ஆட்கள் போருக்குக் கொண்டுபோனவை குண்டு, ராக்கெட், மூக்கில் உள்ள அந்தப் பீரங்கிகள், அவ்வளவுதான்.

டெக்கால்தான், அதாவது தண்ணீரில் நனைத்து விமானத்தின் மேல் ஒட்டும் சின்னங்கள்தான், பெரிய ஏமாற்றம். ஜெர்மன் சின்னங்கள் கூர்மையாக, மெல்லிசாக, தண்ணீரில் போட்ட உடனே நழுவி வருகின்றன. அதே தாளில் இந்தியப் பகுதியில் காவி நிறம் தக்காளிச் சிவப்பாக வந்திருக்கிறது, வெள்ளை வளையம் ஒரு பக்கமாக நகர்ந்திருக்கிறது. சீ ஹாக்கைப் பறக்கவிட்ட நம் கடற்படை விமானப் பிரிவான 300-வது ஸ்குவாட்ரனின் பாயும் வெள்ளைப் புலி இருக்கிறதே, அது இங்கே சோம்பல் முறிக்கும் வீட்டுப் பூனை. தனியாக விற்கும் இந்திய டெக்கால் தாள் ஒன்றை வாங்கிக்கொள்வதே உத்தமம், செலவு கூடும், வேறு வழி இல்லை.

பெட்டிக்குள் ஒரு வரலாற்றுத் துண்டுத்தாளும் வருகிறது. ஜெர்மனிக்கு இரண்டு பத்தி, டச்சுக்காரர்களுக்கு ஒரு பத்தி, இந்தியாவுக்கு ஒரே வரி. ஜெர்மானியர்களிடம் விமானம் தாங்கிக் கப்பலே கிடையாது, கரையிலிருந்துதான் பறந்தார்கள் என்பதாவது அதில் இருக்கும் என்று பார்த்தேன், அதுவும் இல்லை. அந்த ஒரு வரிக்குள் அடங்கிப்போனது என்ன தெரியுமா? 1960-ல் வேல்ஸில் உள்ள பிராடி தளத்தில் 300-வது ஸ்குவாட்ரன் தொடங்கியது. 1961 மே 18 அன்று தஹிலியானி, பிற்காலத்தில் கடற்படைத் தளபதி ஆனவர், நம் விமானம் தாங்கிக் கப்பலான விக்ராந்தின் தளத்தில் முதன்முதலாக இறங்கினார். அதற்குப் பத்து வருஷம் கழித்து 1971, பாகிஸ்தானோடு வங்கதேசப் போர். அப்போது விக்ராந்தின் கொதிகலன் ஒன்றில் விரிசல், முழு வேகம் எடுக்க முடியாது. கப்பல் வேகமாக ஓடி எதிர்காற்று கிடைத்தால்தான் விமானத்தைக் கிளப்புவது சுலபம். அந்தக் குறையோடுதான் அதை வங்கக் கடலுக்கு அனுப்பினார்கள். சென்னைக்காரர்களுக்கு ஒரு கொசுறு: போருக்கு முன் அந்தக் கப்பல் சென்னைக்கு வந்து நின்றிருந்தது, பிறகு சத்தமில்லாமல் அந்தமானுக்கு நகர்த்தப்பட்டது, அதைத் தேடி வந்த பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கிப்போனது. டிசம்பர் 4 காலையில் சீ ஹாக்குகள் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் இருந்த காக்ஸ் பஜார் விமான தளத்தை அடித்தன, அன்றே சிட்டகாங்கையும். இத்தனைக்கும் அப்போதே அவை பழைய விமானங்கள், பிரிட்டிஷ்காரர்கள் முன்னணி ஸ்குவாட்ரன்களிலிருந்து எடுத்துப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அப்படியும் 1983 வரை, சீ ஹாரியர் வரும்வரை, நாம் வைத்திருந்தோம்.

இன்னொரு குறை, இறக்கையை மடக்கி வைக்க வசதி கொடுக்கவில்லை. கரையில் நின்ற ஜெர்மன் விமானத்துக்கு அது பெரிய விஷயமில்லை, விக்ராந்த் தளத்தில் நிற்பதுபோல் செய்ய நினைப்பவர்கள் மடிப்புக் கோட்டில் ரம்பத்தால் அறுத்து, உள்பக்க விலா எலும்புகளை பிளாஸ்டிக் துண்டு வைத்துச் சொந்தமாகச் செய்ய வேண்டியதுதான். செய்து முடித்தால் அழகாக இருக்கும், பொறுமை வேண்டும்.

பிளாஸ்டிக்குக்குப் பத்துக்கு எட்டு, டெக்காலுக்கு மூன்று, துண்டுத்தாளுக்கு மார்க் போட மனசில்லை. ஜெர்மன் விமானம் செய்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். இந்திய விமானம் செய்பவர்கள் விலை இறங்கும் நேரம் பார்த்து வாங்குங்கள். கோவா பக்கம் போகும் திட்டம் இருந்தால் அதற்குப் பிறகு ஒட்ட ஆரம்பிப்பது நல்லது. டாபோலிம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், போக்மாலோ சாலையில் உள்ள கடற்படை விமான அருங்காட்சியகத்தில் நிஜ சீ ஹாக் நிற்கிறது, புகைபோக்கியையும் வாலையும் எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை மூடியிருக்கும், பார்த்துப் போங்கள்.