‘அதே மருந்துதான் சார்’ என்றார்கள்

பார்க்கின்சன் நோய்க்கு மாத்திரை சாப்பிடும் பெரியவர் உங்கள் வீட்டில் இருக்கிறாரா? வேறு ஏதோ சிகிச்சைக்காக அவரைத் தனியார் மருத்துவமனையில் சேர்க்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுச் சேருங்கள். இடம் மதுரை. மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. வழக்கு, வாய்தா என்று அலைய எனக்குத் தெம்பில்லை.

அப்பாவுக்கு வயது 71. ஒன்பது ஆண்டுகளாகப் பார்க்கின்சன். லெவோடோபா 100 மில்லிகிராமும் கார்பிடோபா 25 மில்லிகிராமும் சேர்ந்த மாத்திரை, காலை 6 மணிக்குத் தொடங்கி மூன்று மணி நேரத்துக்கு ஒன்று, ஆக ஐந்து. சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே போட்டுக்கொள்வார். ஒரு வேளை தள்ளிப்போனால் சட்டைப் பொத்தான் போட ஆள் வேண்டும். வேளை தவறாவிட்டால் தெருக்கோடி டீக்கடை வரை தனியாகப் போய் வருவார்.

குடலிறக்க அறுவை சிகிச்சைக்காகச் சேர்த்தோம். மூன்று நாளில் வீட்டுக்குப் போய்விடலாம் என்றார்கள். சேர்த்த அன்றே பையைத் திறந்து மாத்திரை அட்டைகளை எடுத்து, ஒரு கவரில் போட்டுப் பெயர் எழுதி வைத்துக்கொண்டார்கள். “வெளி மருந்துக்கு அனுமதி கிடையாது சார். எல்லாம் நம் ஃபார்மசியிலிருந்தே வந்துவிடும்.” இதே மாத்திரைதானே என்று கேட்டேன். “அதே மருந்துதான் சார், கம்பெனிதான் வேறு.” நானும் தலையாட்டினேன். கத்தையாகக் காகிதங்களில் கையெழுத்து வாங்கினார்கள். அவற்றில் ஒன்றில், தங்கள் பட்டியலில் இல்லாத மருந்துக்கு இணையான வேறொன்றைக் கொடுக்க நோயாளி சம்மதிக்கிறார் என்று பொடி எழுத்து ஆங்கிலத்தில் இருந்ததாம். எட்டாவது நாள் படித்தேன்.

மறுநாள் காலை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மாலையில் வாந்தி. மயக்க மருந்தின் வேலையாக இருக்கும் என்றார்கள், நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அடுத்த நாளும் நிற்கவில்லை. ஊசி போட்டார்கள், சற்று அடங்கியது, மறுபடி வாந்தி, மறுபடி ஊசி. அன்று இரவு அப்பா கட்டையாகக் கிடந்தார். புரண்டு படுக்க முடியவில்லை. இமை கொட்டவில்லை. ஸ்பூனில் கொடுத்த தண்ணீர் கடைவாயில் வழிந்தது. கூப்பிட்டால் தொண்டையிலிருந்து ஒரு முனகல் மட்டும். “வயதானவர், ஆபரேஷனுக்குப் பிறகு இப்படித்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு டூட்டி டாக்டர் அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

வேறொன்றும் செய்யத் தோன்றாமல், குப்பைக்கூடையில் கிடந்த காலி அட்டையை எடுத்துப் பின்பக்கம் பார்த்தேன். லெவோடோபா 100. சரி. கார்பிடோபா 10.

இருபத்தைந்து எங்கே, பத்து எங்கே!

எங்கள் ஊர் நரம்பியல் மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்தேன். முதலில் அவர் கேட்டது, வாந்திக்கு என்ன ஊசி போட்டார்கள் என்றுதான். கேஸ் ஷீட்டைப் பார்த்து மெட்டோக்ளோப்ரமைடு என்றேன். “அதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்” என்றார். பிறகு அவர் விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். லெவோடோபா மூளைக்குப் போய்ச் சேர்ந்தபின், உடல் அசைவுக்கு மூளைக்கு வேண்டிய பொருளான டோபமைனாக மாற வேண்டிய மருந்து. வழியில், உடம்பிலேயே மாறிவிட்டால் குமட்டலும் வாந்தியும்தான் மிச்சம். மூளைக்குப் போவதும் குறைந்துவிடும். அப்படி மாறாமல் வழிக்காவல் பார்ப்பது கார்பிடோபா. அந்தக் காவல் சரியாக நடக்க நாளொன்றுக்கு 70 முதல் 100 மில்லிகிராம் வரை வேண்டும். அப்பாவுக்கு வீட்டில் 125 போய்க்கொண்டிருந்தது. இங்கே ஐந்து வேளையும் கொடுத்திருந்தால்கூட 50தான். போதாததற்கு ஐந்து வேளையை மூன்றாக்கி, காலை மாத்திரையை இட்லி, பாலோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். பாலின் புரதமே லெவோடோபா உள்ளே ஏறுவதற்குப் போட்டி.

ஆக, மாத்திரையை மாற்றியதால் வந்திருக்கக்கூடிய வாந்தி அது. அதற்குப் போட்ட ஊசியோ, மூளைக்குள் புகுந்து டோபமைன் வேலை செய்யும் இடத்தையே அடைக்கிற வகை. பார்க்கின்சன் நோயாளிக்குத் தவிர்க்க வேண்டியது. வாந்திக்கான இன்னொரு மருந்தான டொம்பெரிடோன் பெரும்பாலும் மூளைக்குள் போகாது. அதுவும் அவர்கள் ஃபார்மசியில் இருந்தது என்பதுதான் எரிச்சல். இரவில் பிதற்றினால் போடுகிற ஹாலோபெரிடால் ஊசியும் இதே போலத்தான். நல்ல வேளை, அது வரை போகவில்லை. இத்தனைக்கும் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் ‘பார்க்கின்சன்’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது.

சரி, எங்கள் மாத்திரையைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். பட்டியலில் இல்லாத மருந்துக்குத் தனிப் படிவம், அதில் அவர்களுடைய நரம்பியல் மருத்துவரின் கையெழுத்து, அவர் வருவது வெள்ளிக்கிழமை. அன்று வியாழன். நான் கத்தியதைப் பற்றி எழுத வெட்கமாக இருக்கிறது. கடைசியில் உதவியவர் ஃபார்மசியில் இருந்த ஒரு மூத்த அம்மா. இரண்டு அட்டைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தவர், “இது மாறியிருக்கக் கூடாது தம்பி” என்று சொல்லிவிட்டு, அவரே அந்த மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து ஒப்புதல் வாங்கிப் படிவத்தையும் நிரப்பினார். இரவு 9 மணிக்கு அப்பாவின் சொந்த மாத்திரை அவர் வாய்க்குப் போனது. சனிக்கிழமை எழுந்து உட்கார்ந்தார். மூன்று நாள் எட்டு நாளானது. கூடுதல் நாட்களுக்கு 41,000 ரூபாய் பில், அதில் அந்த ஊசிகளுக்கும் காசு.

மருந்துப் பட்டியல் வைத்துக்கொள்வதே தவறு என்று நான் சொல்லவில்லை. நம் அரசு மருத்துவமனைகளுக்கு 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பட்டியல் போட்டுத்தான் மருந்து வாங்குகிறது. ஏழைகளுக்கு அதனால் எவ்வளவோ நன்மை. வீரியமான ஆன்டிபயாடிக்குகளைப் பெரிய மருத்துவர் கையெழுத்தில்லாமல் கொடுக்கக் கூடாது என்று கட்டுப்படுத்துவதும் நியாயமே. வீட்டு மாத்திரையைத் தனியே வைக்கச் சொல்வதற்குக்கூட, ஒரே மருந்து இரண்டு முறை போய்விடும் என்ற காரணம் உண்டு. ஆனால் மாற்றினால் மாற்றினோம் என்று சொல்ல வேண்டாமா?

மருத்துவர் சீட்டு வேண்டிய எச் அட்டவணை மருந்துகளில் ஒன்றை எழுதியிருக்க வேறொன்றைக் கடைக்காரர் கொடுக்கக் கூடாது என்று 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 65(11ஏ) சொல்கிறது. லெவோடோபா அந்த அட்டவணையில் உள்ளது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் வகுத்த நோயாளிகள் உரிமைச் சாசனம், மருந்தை எங்கே வாங்குவது என்பதை நோயாளியே முடிவு செய்யலாம் என்கிறது. உச்ச நீதிமன்றத்துக்கும் இந்த விவகாரம் போனது. 2025 மார்ச்சில், மாநில அரசுகளே கொள்கை வகுக்கட்டும் என்று விட்டுவிட்டது. மருத்துவமனை மேசையில் இவற்றையெல்லாம் எடுத்து வைத்தால் எதிரே இருப்பவர் கம்ப்யூட்டரைப் பார்ப்பார், அவ்வளவுதான்.

எனவே சேரும் முன்பே கேளுங்கள்: எங்கள் மாத்திரை, இதே அளவில், உங்களிடம் இருக்கிறதா? இல்லையென்றால் எங்களுடையதைத் தொடர்வதாகக் கேஸ் ஷீட்டில் இன்றே எழுதுவீர்களா? கூட்டு மாத்திரை என்றால் இரண்டு எண்களையும் பாருங்கள். வலிப்பு, தைராய்டு, மாற்றுச் சிறுநீரகத்துக்கான மாத்திரைகளிலும் இந்தக் கவனம் வேண்டும் என்று எங்கள் மருத்துவர் சொன்னார். வேளை நேரத்தைப் படுக்கைக்கு மேலே ஒட்டச் சொல்லுங்கள்.

புகார்க் கடிதம் எழுதினேன். மூன்று வரிப் பதில் வந்தது: மருத்துவமனையின் மருந்துப் பட்டியல் கொள்கைப்படியே இணை மருந்து வழங்கப்பட்டது, தங்கள் கருத்துக்கு நன்றி. அப்பா அதை இரண்டு முறை படித்தார். “இணை என்றால் என்ன அர்த்தம் போட்டிருக்கிறார்கள், கேட்டுப் பார்” என்றார். கேட்டு மறுபடி எழுதியிருக்கிறேன்.