தமிழ் 99: நாள் முழுக்கத் தமிழ் அடிப்பவனின் மதிப்புரை

கல்யாணப் பத்திரிகை, கிரயப் பத்திர நகல், கலெக்டர் ஆபீஸ் மனு, கும்பாபிஷேக நோட்டீஸ் என்று காலை முதல் இரவு வரை தமிழ் அடிப்பதுதான் என் பிழைப்பு. கும்பகோணத்தில் சின்னதாக ஒரு டிடிபி சென்டர். பிரிண்டர் மோசமாக இருந்தால்கூடச் சமாளித்துவிடலாம், விசைப்பலகை அமைப்பு சரியில்லையென்றால் சாயங்காலத்துக்குள் விரல் விட்டுப்போகும். தமிழ் 99 என்ற விசைப்பலகை அமைப்பு காசு கொடுத்து வாங்கும் பொருள் இல்லை என்றாலும், நான் தினமும் கையாளும் பொருட்களில் இவ்வளவு யோசித்துச் செய்யப்பட்டது வேறொன்று இல்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டை ஒட்டி உருவான அமைப்பு இது. அதே ஆண்டு தமிழக அரசும் இதைத் தர விசைப்பலகையாக ஏற்றது. அதற்கு முன்னால் ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு விசைப்பலகை என்று நாங்கள் பட்ட பாடு பெரிய கதை.

இதன் அடிப்படை எளிது. உயிரெழுத்துகள் எல்லாம் இடது கையில், மெய்கள் பெரும்பாலும் வலது கையில். அ, இ, உ, எ நடு வரிசையில் இருக்கும். அவற்றின் நெடில்கள் ஆ, ஈ, ஊ, ஏ நேர் மேலே இருக்கும். குறில் இருக்கும் இடம் தெரிந்தால் நெடிலைத் தேட வேண்டாம், விரலை மேலே நகர்த்தினால் போதும். புள்ளி, ஆங்கில எஃப் விசையில் இருக்கிறது. எந்த விசைப்பலகையிலும் அந்த விசையில் சின்ன மேடு இருக்கும், பார்க்காமலே இடது ஆள்காட்டி விரல் அங்கே போய் உட்கார்ந்துவிடும். தமிழில் இவ்வளவு அதிகம் வரும் புள்ளியை அங்கே வைத்தார்களே, அதற்காகவே இதை வடிவமைத்தவர்களைக் கும்பிடலாம்.

க அடித்து ஆ அடித்தால் கா. க அடித்து ஒ அடித்தால் கொ. கொம்பு, கால், விசிறி எதற்கும் தனி விசை கிடையாது. முப்பத்தொரு விசைகளில் உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஒரு புள்ளி, அவ்வளவுதான். ஆய்த எழுத்துக்கும் ஸ, ஷ, ஜ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளுக்கும் மட்டும் ஷிப்ட் வேண்டும். மற்றபடி ஒரு பக்கம் முழுக்க ஷிப்டைத் தொடாமலே அடித்து முடிக்கலாம். தட்டச்சுப் பள்ளியில் லோயர், ஹயர் முடித்துவிட்டு வருபவர்களுக்கு ஆரம்பத்தில் இதை நம்பவே முடிவதில்லை. தட்டச்சுப் பொறி முறையில் ‘கொ’ வேண்டுமென்றால் முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். பார்வைக்கு எப்படித் தெரிகிறதோ அந்த வரிசையில் அடிக்க வேண்டும். அந்தக் காலத்து இயந்திரத்துக்கு அது தேவைப்பட்டது. கம்ப்யூட்டருக்கு அந்தத் தேவை இல்லை.

இனி எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். ‘அம்மா’ என்பதற்கு அ, ம, ம, ஆ, நாலே தட்டு. அதேபோல ங-வுக்குப் பின்னால் க, ஞ-வுக்குப் பின்னால் ச, ண-வுக்குப் பின்னால் ட, ந-வுக்குப் பின்னால் த, ம-வுக்குப் பின்னால் ப, ன-வுக்குப் பின்னால் ற வந்தாலும் புள்ளி தானே வரும். பள்ளிக்கூடத்தில் இனவெழுத்து என்று படித்தோமே, அதேதான். தமிழில் இந்த ஜோடிகள் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் அநேகமாக முன்னதற்குப் புள்ளி இருந்தே தீரும். அதைக் கவனித்து, அந்த வேலையைக் கணினியிடம் விட்டுவிட்டார்கள். கல்யாணப் பத்திரிகையில் ‘மஞ்சள்’ அடிக்க ம, ஞ, ச, ள, கடைசியில் ஒரு புள்ளி. ‘சொத்து’ என்ற சொல் ஒரு கிரயப் பத்திரத்தில் எத்தனை முறை வரும் என்று பத்திரம் எழுதுபவர்களைக் கேளுங்கள். ச, ஒ, த, த, உ, ஐந்து தட்டில் முடிகிறது. வேலைக்குச் சேரும் பெண்களிடம் மனப்பாடம் செய்யச் சொல்லி எதையும் கொடுப்பதில்லை. “வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே அடிம்மா” என்பேன். உச்சரிக்கும் வரிசையும் அடிக்கும் வரிசையும் ஒன்றாக இருப்பதால் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றும் முறைதான் இன்று பலரிடம் இருக்கிறது. கற்க வேண்டியதே இல்லை என்பது அதன் பலம், மறுக்கவில்லை. நாலு வரி வாட்ஸ்அப் செய்திக்கு அது போதும். ஆனால் பட்டியல் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வகையில் ‘பல்லி’யும் ‘பள்ளி’யும் ஒரே ஆங்கில எழுத்துகளில்தான் போகின்றன. ‘மனம்’, ‘மணம்’ இரண்டும் அப்படித்தான். ஒவ்வொரு முறையும் கண் பட்டியலுக்குப் போய், சரியானதைப் பொறுக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். கையெழுத்துப் பிரதியைப் பார்த்து அடிப்பவருக்குக் கண் பிரதியில் இருக்க வேண்டும், திரையில் அல்ல. பத்திரத்தில் ஒரு ஊர்ப் பெயர் தப்பாக விழுந்தால் அதைத் திருத்தக் கட்சிக்காரர்தான் அலைய வேண்டியிருக்கும்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். தானியங்கிப் புள்ளி வேண்டாத இடத்திலும் விழும். ‘பப்பாளி’ அடித்துப் பாருங்கள். முதல் ப-வுக்கும் இரண்டாவதற்கும் நடுவில் ஒரு அ போட்டுத்தான் நிறுத்த வேண்டும். ‘தத்துவம்’, ‘சச்சரவு’, தலைவர் கக்கன் பெயர் எல்லாம் இந்த வகை. விதி ஒன்றுதான், எப்போதும் மாறாது, அதனால் பழகிவிடும். ஆனால் புதிதாக வருபவர் திகைத்துப்போவார், எந்த மென்பொருளும் அந்த இடத்தில் அவருக்கு ஒரு குறிப்புக் காட்டி நான் பார்த்ததில்லை.

வலது சுண்டுவிரல் விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. ண, ச, ஞ, ந, ய, ழ, ஆறும் அதன் தலையில். ச, ந, ய மூன்றும் அடிக்கடி வருபவை. இருப்பதில் பலவீனமான விரலுக்கு இவ்வளவு பாரம் கூடாது. வ இடது கைப் பக்கம் போய்விட்டதால் ‘வா’, ‘வி’ வரும்போது இரண்டு தட்டும் ஒரே கைக்கு. எப்போதாவது வரும் ஔ-வுக்கு நல்ல விசை ஒன்று போயிருக்கிறது.

போனில் கதை வேறு. ஐபோனில் தமிழ் 99 கூடவே வருகிறது, ஆண்ட்ராய்டில் செல்லினம் போன்ற செயலிகள் இருக்கின்றன. இரண்டு கட்டைவிரலால் அடிப்பதால் சுண்டுவிரல் தொல்லை இல்லை. ஆனால் மேல் வரிசையில் ஆங்கிலத்துக்குப் பத்து விசை என்றால் இதற்குப் பன்னிரண்டு. விசை அந்த அளவுக்குக் குறுகிவிடுவதால் ட தொட்டால் ண விழும். அழிக்கும் விசையும் செயலிக்குச் செயலி ஒவ்வொரு விதம். ‘கொ’வை அழித்தால் ஒன்றில் முழு எழுத்தும் போகும், இன்னொன்றில் க மட்டும் மிஞ்சும். இரண்டாவதுதான் சரி என்பது என் கருத்து. உயிர்க்குறியில்தான் தவறு அதிகம் நடக்கிறது, அதை மட்டும் மாற்ற வழி இருக்க வேண்டும்.

இவ்வளவு நல்ல அமைப்பு பலருக்குத் தெரியாமல் இருப்பதற்குக் காரணம் அது ஒளிந்திருக்கும் இடம்தான். விண்டோஸில் தமிழைச் சேர்த்தால் மட்டும் போதாது. மொழி அமைப்புகளுக்குள் போய், தமிழின் விசைப்பலகைப் பட்டியலில் ‘தமிழ் 99’ என்பதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். அப்புறம் விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறிக்கொள்ளலாம். மடிக்கணினி விசைகளில் தமிழ் எழுத்து அச்சிட்டு வருவதும் அபூர்வம். ஸ்டிக்கர் ஒட்டலாம். ஆனால் எங்கள் கடையில் நான் ஒட்டவிடுவதில்லை, ஒட்டினால் கண் கீழேயே இருக்கும். படத்தைப் பிரிண்ட் எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நடு வரிசையிலிருந்து தொடங்குங்கள்.

விசைப்பலகை வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கையடக்கமாக வரும் சில ப்ளூடூத் விசைப்பலகைகளில் வலது ஓரத்துச் சதுர அடைப்புக்குறி, மேற்கோள்குறி, சாய்கோடு விசைகளைப் பாதியாகச் சுருக்கியிருப்பார்கள், அல்லது வேறு இடத்துக்குத் தள்ளியிருப்பார்கள். ச, ஞ, ய, ழ உட்காருவது அந்த விசைகளில்தான். கடையிலேயே சுண்டுவிரலை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.