காத்திருப்பதா, கதிரா, கத்தியா? ஒலி நரம்புக் கட்டியோடு நீலகிரியில் வாழ்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

ஒரு காது மட்டும் மந்தமாகிக்கொண்டே வருகிறது. அதே காதில் ஓயாத இரைச்சல். படி இறங்கும்போது ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. கோவைக்குப் போய் எம்.ஆர்.ஐ. எடுத்தால் ‘அகௌஸ்டிக் நியூரோமா’, அதாவது ஒலி நரம்புக் கட்டி, என்று ரிப்போர்ட் வருகிறது. அதை வாங்கிக்கொண்டு குன்னூருக்கோ கோத்தகிரிக்கோ பஸ் ஏறுகிறவர்கள் பலர் முதலில் கேட்பது காதைப் பற்றி அல்ல: “கட்டியை எடுத்துவிட்டால் இந்தத் தலைவலி போய்விடுமா?” உள்ளதைச் சொன்னால், பலருக்குப் போகாது. சிறிய கட்டி தலைவலி தருவது குறைவு. ஆபரேஷனோ முன்பு இல்லாத தலைவலியைக் கொண்டுவந்துவிடக்கூடும். ஆகவே தலைவலியை மட்டும் வைத்து சிகிச்சையைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

இது புற்றுநோய் அல்ல. எட்டாவது மூளை நரம்பில் சமநிலையைக் கவனிக்கும் கிளையின் உறையிலிருந்து கிளம்பும் கட்டி. உட்காதை ஒட்டிய எலும்புக் குழாயில் தொடங்கி, சிறுமூளைக்கும் மூளைத்தண்டுக்கும் இடையிலுள்ள மூலையை நோக்கி நகரும். வளர்ச்சி சராசரியாக ஆண்டுக்கு 1 முதல் 2 மி.மீ.; பல கட்டிகள் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். முகத்தை அசைக்கும் ஏழாவது நரம்பும் அதே குழாய் வழியாகத்தான் ஓடுகிறது. சிகிச்சை என்றதும் முகம் கோணுவது பற்றிய பேச்சு எழுவது அதனால்தான்.

முதலில், எந்தத் தலைவலி?

காலையில் எழும்போதே தலை கனத்து, இருமினாலும் குனிந்தாலும் வலி கூடி, வாந்தியும் கண் மங்கலும் சேர்ந்தால் அது அழுத்தத் தலைவலி. பெரிய கட்டி, பெரும்பாலும் 3 செ.மீ. அளவை எட்டியது, மூளைநீர் ஓடும் பாதையை அடைக்கும்போது இப்படி வரும். இதில் காத்திருப்பதா, கதிரா, கத்தியா என்ற பேச்சுக்கே இடமில்லை: ஆபரேஷன், அல்லது முதலில் நீரை வடிக்க ‘ஷன்ட்’ என்ற குழாய். அன்றே மலை இறங்க வேண்டும்.

பின்கழுத்தில் தொடங்கி மாலையில் கூடும் வலி வேறு. தள்ளாட்டத்துக்குப் பயந்து தலையை விறைப்பாக வைத்துக்கொள்வதும், பேசுகிறவர் பக்கம் நல்ல காதைத் திருப்பியே வைத்திருப்பதும் கழுத்துத் தசையை இறுக்கிவிடும். கட்டியை எடுத்தாலும் இது போகாது. சமநிலைப் பயிற்சியிலும் கழுத்துப் பயிற்சியிலும்தான் குறையும். கட்டிக்கு முன்பே இருந்த ஒற்றைத் தலைவலியும் எடுத்தபின் தொடரும். இன்னொன்று மாத்திரை தரும் தலைவலி. பாராசிட்டமால் போன்ற சாதா மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, பல மருந்து கலந்த வலி மாத்திரையை 10 நாளோ அதற்கு மேலோ போட்டு, மூன்று மாதம் தாண்டினால், வலியைக் குறைக்க வந்த மாத்திரையே தினவலிக்குக் காரணமாகிவிடும்.

நான்கு வாரம் நாட்காட்டியில் குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்கு வந்தது, தலையில் எந்த இடம், படுத்தால் கூடுகிறதா குறைகிறதா, என்ன மாத்திரை. நரம்பியல் மருத்துவருக்கு அந்தத் தாள் மிகவும் உதவும்.

காத்திருத்தல்

சும்மா விடுவது என்று இதை நினைக்க வேண்டாம். முதல் ஸ்கேனுக்கு 6 மாதம் கழித்து இன்னொன்று, பிறகு ஆண்டுக்கு ஒன்று வீதம் ஐந்து ஆண்டு, அதன்பின் இடைவெளி கூடும். கூடவே ஆண்டுதோறும் ஆடியோகிராம் என்ற செவித்திறன் சோதனை. முடிந்தவரை ஒரே மையத்தில் எடுங்கள். ஃபிலிமை மட்டும் வாங்காமல் படங்கள் பதிந்த வட்டையும் கேட்டு வாங்குங்கள். 1 மி.மீ. வித்தியாசம் அளப்பவரின் கையைப் பொறுத்தும் வரும். முந்தைய படத்தைப் பக்கத்தில் வைத்து அளந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

இதன் பலவீனம், கட்டி வளராமலே காது போவது. அளவு மாறவில்லை என்று நிம்மதியாக இருக்கும்போதே பேச்சு புரிவது குறைந்துகொண்டு வரலாம். திடீரென ஒரே நாளில் கேட்காமல் போனால் சளி அடைப்பு என்று இருந்துவிடாதீர்கள். ஸ்டீராய்டு உதவும் வாய்ப்பு முதல் சில நாட்களில்தான் அதிகம், இரண்டு வாரம் தாண்டினால் வெகுவாகக் குறைந்துவிடும். நீர்ப்பை கொண்ட கட்டி சட்டென்று பெருக்கக்கூடும் என்பதால் அதற்குக் காத்திருப்பு அவ்வளவாகப் பொருந்தாது.

கதிர்

கட்டியின் மேல் மட்டும் கதிரைக் குவிக்கும் காமா நைஃப் கருவி 1968இல் ஸ்டாக்ஹோமில் பயன்பாட்டுக்கு வந்தது. கத்தி என்று பெயர் இருந்தாலும் தோலில் கீறல் கிடையாது. தலையில் சட்டம் பொருத்தி, கட்டியின் விளிம்புக்கு 12 முதல் 13 கிரே (கதிரை அளக்கும் அலகு) அளவு கதிரை ஒரே அமர்வில் தருவார்கள். சுமார் 3 செ.மீ.க்குக் குறைந்த, மூளைத்தண்டை நசுக்காத கட்டிக்கு இது ஏற்றது. பத்தில் ஒன்பதுக்கு மேல் கட்டியின் வளர்ச்சி நின்றுவிடும். கட்டி மறையாது. முக நரம்பு பாதிக்கப்படுவது நூற்றில் ஒருவர் அளவில்தான். செவித்திறன் ஆண்டுகள் போகப்போகச் சரியும். கதிர் காதைக் காப்பாற்றிவிடும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம்.

சட்டத்தின் ஊசி பதிந்த இடத்தில் ஓரிரு நாள் வலிக்கும். பிறகு 6 முதல் 18 மாதத்துக்குள் கட்டி தற்காலிகமாக வீங்கலாம். அந்த வேளையில் தலைவலி, தள்ளாட்டம், முக மரத்துப்போதல் கூடும். ஸ்கேனிலும் அளவு பெரிதாகத் தெரியும். இதைச் சிகிச்சை தோற்றதாக எடுத்துக்கொண்டு அவசரமாக ஆபரேஷனுக்குப் போனால் தேவையில்லாத கத்தி விழுந்துவிடும். அடுத்த ஸ்கேன் வரை பொறுத்துப் பாருங்கள். தேவையானால் சில வாரம் ஸ்டீராய்டு தருவார்கள்.

சிறிய, நடுத்தரக் கட்டிக்கு உடனே கதிர் தருவதையும் காத்திருந்து ஸ்கேன் எடுப்பதையும் நார்வேயில் 100 பேரிடம் ஒப்பிட்டு, 2023இல் முடிவை வெளியிட்டார்கள். நான்கு ஆண்டில் கதிர் பெற்றவர்களின் கட்டி சுருங்கியிருந்தது. ஆனால் செவித்திறனிலும் மற்ற தொந்தரவுகளிலும் வாழ்க்கைத் தரத்திலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. வளராத சிறிய கட்டிக்கு “உடனே செய்துவிடுங்கள்” என்று யாராவது நெருக்கினால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

கத்தி

ஆபரேஷனுக்கு மூன்று வாசல். காதுக்குப் பின்னாலுள்ள எலும்பைக் குடைந்து உட்காது வழியாகப் போவது ஒன்று. அந்தக் காதின் செவித்திறன் மிச்சமின்றிப் போய்விடும், ஆனால் சிறுமூளையை அதிகம் ஒதுக்க வேண்டியதில்லை. இன்னும் பின்னால் பிடரிப் பக்கம் திறப்பது இரண்டாவது; பெரிய கட்டிக்கும் ஆகும், செவித்திறனைக் காக்கவும் வாய்ப்பு உண்டு. காதுக்கு மேலே திறப்பது மூன்றாவது, குழாய்க்குள்ளேயே இருக்கும் சிறு கட்டிக்கு மட்டும்.

தலைவலியைப் பொறுத்தவரை இந்த மூன்றும் ஒன்றல்ல. நீண்டநாள் தலைவலி அதிகம் பேசப்படுவது பிடரிப்பக்க வழியில்தான். குடையும்போது பறக்கும் எலும்புத் தூள் மூளைநீரில் கலந்து மூளையுறையை எரிச்சலூட்டும். எலும்பைத் திரும்பப் பொருத்தாமல் விட்டால் கழுத்துத் தசை மூளையுறையோடு ஒட்டிக்கொண்டு, தலையைத் திருப்பும்போதெல்லாம் இழுக்கும். பிடரி நரம்பு வெட்டுப்பட்டாலோ தழும்பில் மாட்டினாலோ மின்னல் வெட்டியதுபோல் சுரீர் என்று ஏறும். ஆகவே சர்ஜனிடம் கேட்க வேண்டியவை: எலும்பைத் திரும்ப வைப்பீர்களா அல்லது சிமென்ட்டோ தகடோ வைத்து மூடுவீர்களா? எலும்புத் தூள் உள்ளே போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள்? ஆபரேஷனுக்குப் பிறகு சுரீர் வலி வந்தால் பிடரி நரம்பில் ஊசி போடும் வசதி உண்டா?

மூளைநீர்க் கசிவு இந்த மூன்றிலும் வரலாம். மலையில் இதைத் தவறவிடுவது எளிது, மார்கழிக் குளிரில் இங்கே எல்லோருக்கும் மூக்கு ஒழுகும். வித்தியாசம் இதுதான். கசிவு பெரும்பாலும் ஒரே மூக்குத் துவாரத்தில், தண்ணீர் மாதிரி, வழவழப்பு இல்லாமல் வரும். நாக்கில் பட்டால் உப்புக் கரிக்கும். உட்கார்ந்து தலையை முழங்காலுக்கு நேரே ஒரு நிமிடம் குனிந்தால் சொட்டும். கைக்குட்டையில் பிடித்து உலர்த்திப் பாருங்கள்: சளி பட்ட இடம் கஞ்சி போட்டதுபோல் விறைக்கும், மூளைநீர் பட்ட இடம் விறைக்காது. உட்கார்ந்தால் தலைவலி கூடி, படுத்தால் குறைந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். சில சொட்டுகளைச் சுத்தமான குப்பியில் பிடித்து எடுத்துக்கொண்டு ஆபரேஷன் செய்த இடத்துக்கே போங்கள். மூக்கைச் சிந்தாதீர்கள். காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்தால் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம்; காலை வரை காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.

முகம் கோணி இமை மூடவில்லை என்றால் கண்தான் அவசரம். பகலில் பதப்படுத்தும் பொருள் சேராத, கண்ணை ஈரமாக வைக்கும் சொட்டு மருந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவில் களிம்பும் டேப்பும், வெளியே போனால் பக்கம் மூடிய கண்ணாடி. வாடைக்காற்றும் விறகுப் புகையும் கருவிழியை ஒரே நாளில் காயப்படுத்திவிடும். கண்ணில் உணர்ச்சியும் குறைந்திருந்தால் தூசி விழுந்ததுகூடத் தெரியாது.

திரும்ப மலை ஏறுவது

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர், ஊட்டி 2,240. ஏறும்போது காது அடைப்பது நடுக்காதில். அது கட்டியை ஒன்றும் செய்யாது. ஆபரேஷன் முடிந்தவர்களுக்குக் கதை வேறு. மண்டைக்குள் தங்கிய காற்று, இந்த ஏற்றத்தில் அழுத்தம் குறைவதால் ஏறத்தாழ கால் பங்கு விரியும். டிஸ்சார்ஜ் ஆன அன்றே காரில் ஏறிவிடாமல், காற்று கரைந்துவிட்டதா என்று சி.டி. ஸ்கேன் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வாரம் கோவையிலேயே உறவினர் வீட்டிலோ வாடகை அறையிலோ தங்குவதே எங்கள் பரிந்துரை. கசிவு வந்தாலும் ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கும். தேதியை நீங்கள் தேர்ந்தெடுக்க முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையைத் தவிருங்கள். மண் சரிந்து குன்னூர்ச் சாலை அடைபடும் மாதங்கள் அவை.

சமநிலை மூன்று வழிக்கும் பொதுவான பாடு. கண், பாதம், உட்காது மூன்றும் சேர்ந்துதான் நம்மை நிமிர்த்தி வைக்கின்றன. உட்காது ஒரு பக்கம் போனபின், மூடுபனியில் கண்ணின் துணை போகும். ஈரச் சரிவில் பாதத்தின் துணையும் போகும். ஆபரேஷனில் சமநிலை நரம்பு ஒரேயடியாக அறுபடுவதால் முதல் வாரங்களில் கடுமையாகச் சுற்றும், பிறகு மூளை பழகும். கதிரிலும் காத்திருப்பிலும் இது மெல்ல மெல்ல வரும். எந்த வழியானாலும் பயிற்சி ஒன்றே: ஒரு புள்ளியைப் பார்த்தபடி தலையை இடம் வலமாக அசைப்பது, ஒரு பாதத்துக்கு முன் இன்னொன்றை ஒட்டி வைத்து நடப்பது, சுவர் ஓரமாக நின்று கண்ணை மூடுவது. நாளுக்கு மூன்று முறை, லேசாகச் சுற்றும் அளவுக்கு. சின்னாரிசின், புரோக்ளோர்பெரசின் போன்ற தலைசுற்றல் மாத்திரையை முதல் சில நாளுக்கு மேல் தொடர்ந்தால் மூளை பழகுவது தள்ளிப்போகும். இலை பறிப்பவர்கள் தலையில் சுமை ஏற்றுவதை ஆபரேஷனுக்குப் பின் குறைந்தது ஆறு வாரம் நிறுத்த வேண்டும். சரிவுக்குத் திரும்பும் நாளை நடையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒற்றைக் காதில் ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது தெரியாது. தேயிலைக்குள் காட்டெருமை செருமினாலும், வளைவில் லாரி ஹாரன் அடித்தாலும் தவறான பக்கம் திரும்புவீர்கள். கேட்காத பக்கத்து ஒலியை நல்ல காதுக்கு அனுப்பும் ‘கிராஸ்’ வகைக் கருவி பேச்சுக்கு உதவும், திசையைத் தராது. அந்தி சாய்ந்தபின் தனியாக நடக்காதீர்கள்.

யாருக்கு எது

1.5 செ.மீ.க்குள், வயது 60க்கு மேல், நடை பரவாயில்லை என்றால் காத்திருங்கள். அடுத்தடுத்த ஸ்கேனில் 2 மி.மீ.க்கு மேல் வளர்ந்து, அளவு 3 செ.மீ.க்குள் இருந்தால் கதிரின் பக்கம் சாய்வோம். மூளைத்தண்டை அழுத்தும் கட்டிக்குக் கத்திதான். முக நரம்பில் ஒட்டிய கொஞ்சத்தை விட்டுவைத்துப் பிறகு கதிர் தருவதாக சர்ஜன் சொன்னால் அதைக் குறையாக எண்ண வேண்டாம். இளவயதினருக்கு முடிவு கடினம், இரண்டு இடத்தில் கருத்துக் கேளுங்கள். கதிருக்குப் பின் ஆபரேஷன் தேவைப்பட்டால் ஒட்டுதலால் அது சிரமமாகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். இரண்டு பக்கமும் கட்டி இருந்தால் அது என்.எஃப்.2 என்ற பரம்பரை நோயாக இருக்கலாம். அதற்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது.

காமா நைஃப் பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற அரசு நரம்பியல் மருத்துவமனையில் உண்டு. கூடலூர்க்காரர்கள் மைசூரு வழியாகப் போகலாம். பந்திப்பூர்ச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். கோவையில் லீனியர் ஆக்சிலரேட்டர் என்ற கதிர்சிகிச்சைக் கருவி உள்ள மருத்துவமனைகளில் இந்தக் கட்டிக்கு ஒரே அமர்வுக் கதிர் தருகிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் ஸ்கேன், கதிர், ஆபரேஷன் மூன்றுக்கும் தனித்தனியாகக் கேட்டு, எது அடங்கும் எது அடங்காது என்று காப்பீட்டுப் பிரிவில் எழுதி வாங்கியபின் தேதி குறியுங்கள்.