ஸ்டோர் மேனேஜர் வேலையா? ஸ்டாக் எண்ணாமல் சாவியை வாங்காதீர்கள்

சூப்பர் மார்க்கெட்டில் ஸ்டோர் மேனேஜராகச் சேர்கிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: ஷார்ட்டேஜ், அதாவது ஸ்டாக்கில் குறையும் சரக்கு. சம்பளத்தில் ஏமாறுவது அதற்கு அடுத்தது. முதலில் சம்பள விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

ஆஃபர் லெட்டரில் சிடிசி (உங்களுக்காக நிறுவனம் மாதம் செலவிடும் மொத்தத் தொகை) 35,000 என்று இருக்கிறது என வைத்துக்கொள்ளுங்கள். பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம் 17,500. நிறுவனம் கட்ட வேண்டிய பி.எஃப். 1,800, கிராஜுவிட்டி 842, இன்ஷூரன்ஸ் 500, டார்கெட் முடித்தால் மட்டும் வரும் இன்சென்டிவ் 5,000 எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். உங்கள் பங்கு பி.எஃப். 1,800 போனால் கைக்கு வருவது சுமார் 25,000. கிராஜுவிட்டி, பொதுவாக ஐந்து வருடம் முடித்தால்தான் கிடைக்கும். கடை திறப்பதும் பூட்டுவதும் நீங்களே என்றால் தினம் 12 மணி நேரம், மாதம் 26 நாள். மணிக்கு 80 ரூபாய்தான் தேறும். சேரும் முன்பே "கையில் எவ்வளவு வரும்?" என்று கேட்டு, பதிலை மெயிலில் வாங்குங்கள்.

இனி ஷார்ட்டேஜ். கம்ப்யூட்டரில் இருக்கும் ஸ்டாக்குக்கும் ரேக்கில் எண்ணிய ஸ்டாக்குக்கும் உள்ள வித்தியாசம் அது. திருட்டு அதில் ஒரு பகுதி மட்டுமே. வெங்காய மூட்டை 50 கிலோ என்று இன்வார்டு (சரக்கு வரவு) போடுவார்கள். எடை போட்டால் 47 இருக்கும். அந்த மூன்று கிலோ அன்றைக்கே குறையாக உங்கள் கணக்கில் ஏறிவிடுகிறது. ஒரே விலையுள்ள இரண்டு ஃப்ளேவர் பிஸ்கட்டில் மூன்று பாக்கெட் கலந்து வந்தால், ஒன்றை மட்டும் ஸ்கேன் செய்துவிட்டு, கேஷியர் 'மூன்று' என்று அடித்துவிடுவார். ஒரு ஃப்ளேவரில் குறையும், இன்னொன்றில் அதே அளவு கூடும். கூடியதை விட்டுவிட்டுக் குறைந்ததை மட்டும் கூட்டி மேனேஜர் சம்பளத்தில் பிடித்தம் போடும் கடைகள் உண்டு. அப்பட்டமான அநியாயம் இது. காலாவதியான சரக்கை டிஸ்ட்ரிபியூட்டர் எடுத்துப் போயிருப்பார், ரிட்டர்ன் என்ட்ரி விழுந்திருக்காது. இலவசப் பொருளை பில்லில் அடிக்காமல் கொடுத்திருப்பார்கள். பழைய மேனேஜர் காலத்துக் குறையும் சேர்ந்து உங்கள் தலையில்தான் விழும்.

ஆகவே சார்ஜ் எடுக்கும் நாளில் பழைய மேனேஜர், ஆடிட் ஆள், நீங்கள் மூவரும் சேர்ந்து முழு ஸ்டாக்கையும் எண்ணிக் கையெழுத்திட்ட பிரதி உங்களிடம் இருக்க வேண்டும். "பிறகு பார்த்துக்கலாம்" என்றால் சாவி வாங்காதீர்கள். லாரி இறங்கும்போது எடையில் குறைந்தால் டெலிவரி சலானிலேயே எழுதி, டிரைவர் கையெழுத்தோடு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஷார்ட்டேஜில் எத்தனை சதவீதம் வரை உங்களிடம் பிடிக்காமல் விடுவார்கள், கூடுதலும் குறைவும் கழித்துப் பார்க்கப்படுமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பு மேனேஜருக்கும் பொருந்தும். சரக்கு உங்கள் பொறுப்பில் வெளிப்படையாக ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும், நஷ்டம் நேரடியாக உங்கள் அலட்சியத்தால் வந்திருக்க வேண்டும், விளக்கம் சொல்ல வாய்ப்பும் தந்திருக்க வேண்டும். அப்போதுதான் ஷார்ட்டேஜைச் சம்பளத்தில் பிடிக்கலாம். அப்போதும் மொத்தப் பிடித்தம் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

ஓவர்டைம் விஷயத்தில் 'மேனேஜர்' என்ற பெயரே பொறி. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி தினம் 8 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம். ஆனால் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு அது கிடையாது. லீவு தரவோ ஆள் எடுக்கவோ அதிகாரம் இல்லாமல் நாள் முழுக்க பில் போட்டு, ரேக் அடுக்குகிறவர், பெயர்ப்பலகையில் மேனேஜர் என்று இருப்பதாலேயே நிர்வாகி ஆகிவிட மாட்டார். செய்யும் வேலையைத்தான் பார்ப்பார்கள். பயோமெட்ரிக் பதிவையும், கடை திறந்த, பூட்டிய நேரத்துக்கு வாட்ஸ்அப்பில் போட்ட மெசேஜ்களையும் அழிக்காதீர்கள்.

அசல் சான்றிதழோ, தொகை எழுதாத செக்கோ கேட்டால் கொடுக்காதீர்கள். வேலையை விட்டதும் 'ஷார்ட்டேஜ்' தொகையை அந்த செக்கில் எழுதி பேங்கில் போட்டால், செக் பவுன்ஸ் வழக்குக்கு நீங்கள்தான் அலைய வேண்டும். வேலையை விடும்போதும் ஸ்டாக் எண்ணிக் கையெழுத்து வாங்குங்கள். சம்பள பாக்கியை 2 வேலை நாளுக்குள் தர வேண்டும் என்கிறது அதே ஊதியச் சட்டம். தராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.