ரோட்ஸ்டரின் பிக்கப்பைக் கூட்டித் தருவதாகச் சொல்லி ஆறு மாதச் சம்பளத்தைச் சுருட்டிய டியூனிங் பட்டறை: எச்சரிக்கைப் பதிவு

என்னுடைய ஆறு மாதச் சம்பளம் போய்விட்டது. கூரை திறக்கும் இரண்டு இருக்கை ரோட்ஸ்டர் கார்களின் எஞ்சின் கணினியை ரீமேப் செய்து, அதாவது அதன் மென்பொருளை மாற்றி, வேகத்தைக் கூட்டித் தருவதாக விளம்பரம் செய்யும் ஒரு டியூனிங் பட்டறை, செய்யாத வேலைக்கு அந்தத் தொகையை வாங்கிக்கொண்டு, காரின் திறனை அளக்கும் டைனோ கருவியின் தாள் என்று, எண்களை மாற்றிய ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டது. புகார் நடந்துகொண்டிருப்பதால் பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் இவர்கள் கையாண்ட வித்தையை வேறு எந்தப் பட்டறையும் கையாள முடியும் என்பதால், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பணம் கொடுப்பதற்கு முன் எவற்றையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

என் கார் நான்காம் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. இரண்டு லிட்டர் எஞ்சின், டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) கிடையாது, நிமிடத்துக்கு 7,000 சுழற்சியில் 184 குதிரைத்திறன், 4,000 சுழற்சியில் 205 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்று விசை). நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டரைத் தொட 6.5 வினாடி ஆகும் என்பது தயாரிப்பு நிறுவனத்தின் கணக்கு. இந்தக் காரை வெறும் மென்பொருள் மாற்றத்தால் 230 குதிரைத்திறனுக்குக் கொண்டுவர முடியும் என்றும், 100-ஐத் தொடும் நேரம் 5 வினாடிக்கு இறங்கும் என்றும், இரண்டுக்கும் டைனோ அளவீட்டோடு உத்தரவாதம் தருவதாகவும் பட்டறையின் தலைமைத் தொழில்நுட்பர் என்னிடம் சொன்னார்.

அவர் பேசிய விதத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம்பிக்கை அங்கேதான் பிறந்தது. அவர் விற்பனையாளரைப் போல ஒரு சொல்லும் பேசவில்லை. எரிபொருள் கலவை விகிதம், தீப்பொறி நேரம், வால்வு திறக்கும் கோணம் என்று ஒவ்வொன்றையும் பொறுமையாக விளக்கினார். நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் படம் வரைந்து பதில் சொன்னார். ஏற்கெனவே முடித்துக் கொடுத்த கார்களின் தாள்களை ஒரு கோப்பிலிருந்து எடுத்துக் காட்டினார். அந்தத் தாள்கள் அனைத்தும் டர்போ கார்களுடையவை என்பதை அவர் சொல்லவே இல்லை. என் கண் முன்னாலேயே கார் டைனோவின் உருளைகளின் மீது ஏற்றப்பட்டது, பட்டைகளால் இறுக்கிக் கட்டப்பட்டது, மடிக்கணினி இணைக்கப்பட்டது, எஞ்சின் அதன் சுழற்சி வரம்பான சிவப்புக் கோடு வரை முழங்கியது. பிறகு என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து, கூரையைத் திறந்துவிட்டு, தானும் பக்கத்தில் ஏறிக்கொண்டு, "நீங்களே பாருங்கள் சார்" என்றார். ஆக்ஸிலரேட்டரை மெல்லத் தொட்டதுமே கார் பாய்ந்தது. காலை எடுக்கும்போதெல்லாம் சைலன்சரிலிருந்து பட்பட்டென்று வெடிச்சத்தம் எழுந்தது. திரும்பி வந்ததும் 184-லிருந்து 230-க்கு ஏறும் இரண்டு கோடுகளோடு அச்சிட்ட தாளை நீட்டினார். மீதித் தொகை அந்த இடத்திலேயே கட்டப்பட்டது. ஆறு மாதச் சம்பளம், முழுவதுமாக.

அந்தப் பாய்ச்சல் எங்கிருந்து வந்தது என்பதை இப்போது சொல்கிறேன். இன்றைய கார்களில் ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும் எஞ்சினின் காற்று வாயிலுக்கும் இடையே கம்பி கிடையாது; மிதி எவ்வளவு அழுந்துகிறது என்பதைப் படித்துக் கணினிதான் வாயிலைத் திறக்கிறது. மிதியைக் கால் பங்கு அழுத்தினால் வாயில் பாதிக்கு மேல் திறக்கும்படி அந்த அட்டவணையை மாற்றிவிட்டால், சிறிது தொட்டாலும் கார் முன்னே தாவும். ஆனால் மிதியை முழுவதுமாக அழுத்தும்போது வாயில் முன்பும் முழுவதும் திறந்தது, இப்போதும் முழுவதும்தான் திறக்கிறது. முழு வேகத்தில் எஞ்சினுக்குக் கூடுதலாக ஒரு குதிரைத்திறனும் கிடைப்பதில்லை. தரையோடு ஒட்டி உட்கார்ந்து, காற்று முகத்தில் அறையும் ஒரு திறந்த காரில் வேகம் எப்போதும் உள்ளதைவிட அதிகமாகவே தோன்றும் என்பதையும் இவர்கள் கணக்கில் வைத்திருக்கிறார்கள். கூரையைத் திறந்துவிட்டு ஓட்டச் சொன்னதன் காரணம் அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பட்டறைக்குப் போவதற்கு முன்பே, மூடிய ஓட்டத்தடம் ஒன்றில், ஜிபிஎஸ் நேரமானி வைத்து இரு திசைகளிலும் ஓட்டி எடுத்த அளவுகள் என்னிடம் இருந்தன. அதே தடத்தில், அதே டயர்களோடு, கிட்டத்தட்ட அதே வெப்பநிலையில் மீண்டும் எடுத்தேன். வேறுபாடே இல்லை. வாக்களித்த 5 வினாடி எங்கே, ஆறரை வினாடி எங்கே?

இந்த வாக்குறுதி நிறைவேறவே முடியாதது என்பதை யாரும் ஒரு தாளில் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓட்டுநரோடு சேர்த்து 1,100 கிலோ எடையுள்ள ஒரு கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் சுமக்கும் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 424 கிலோஜூல். அதை 6.5 வினாடியில் ஊட்ட வேண்டுமானால் சராசரியாக 65 கிலோவாட் சக்கரத்துக்குப் போய்ச் சேர வேண்டும்; 5 வினாடியில் ஊட்ட 85 கிலோவாட் வேண்டும். இது 30 விழுக்காடு கூடுதல். அவர்கள் சொன்ன 230 குதிரைத்திறன் உண்மையாகவே கிடைத்திருந்தாலும் கூடுதல் 25 விழுக்காடுதான். அதற்கும் மேல், கிளட்ச் வழுக்குவதிலும் கியர் மாற்றுவதிலும் பின் டயர்கள் பிடிமானம் தேடுவதிலும் போகும் நேரத்தை எந்த மென்பொருளும் திருப்பித் தராது. 1999-ல் வந்த ஹோண்டா எஸ்2000 இரண்டு லிட்டர் எஞ்சினில் 240 குதிரைத்திறன் கொண்டது. அதற்காக அந்த எஞ்சின் 9,000 சுழற்சி வரை சுழல வேண்டியிருந்தது, அப்படியும் 100-ஐத் தொட 6 வினாடிக்கு மேல் எடுத்தது. மாறாக, 1996-ல் வந்த முதல் லோட்டஸ் எலிஸ் ஏறத்தாழ 120 குதிரைத்திறனிலேயே 6 வினாடிக்கு அருகில் வந்தது, ஏனென்றால் அதன் எடை 725 கிலோ அளவில்தான் இருந்தது. 4.5 வினாடியில் 100-ஐத் தொடும் பிஎம்டபிள்யூ இசட்4 எம்40ஐ-க்கு மூன்று லிட்டர் டர்போ எஞ்சினும் 340 குதிரைத்திறனும் தேவைப்படுகின்றன. ரோட்ஸ்டரின் பிக்கப் என்பது திறனை எடையால் வகுத்து வருவது. இதை அந்தத் தொழில்நுட்பர் என்னைவிட நன்றாக அறிந்தவர், அறிந்துகொண்டேதான் பொய் சொன்னார்.

டர்போ இல்லாத எஞ்சினில் மென்பொருளுக்கு அதிக வேலையே இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். டர்போ எஞ்சினில் காற்றழுத்தத்தைக் கூட்டி 20 அல்லது 30 விழுக்காடு கூடுதல் திறன் எடுப்பது நடக்கக் கூடியதே. வளிமண்டலம் தரும் காற்றை மட்டும் இழுத்துக்கொள்ளும் எஞ்சினில், உள்ளே போகும் காற்றின் அளவு மாறாமல் எரிபொருளையும் தீப்பொறியையும் எப்படி மாற்றினாலும் சில விழுக்காட்டுக்கு மேல் கிடைக்காது. இதே எஞ்சினை 160-லிருந்து 184 குதிரைத்திறனுக்கு உயர்த்த மாஸ்டா நிறுவனமே 2018-ல் என்ன செய்தது என்று பாருங்கள்: பிஸ்டன் ஒவ்வொன்றிலும் 27 கிராமும், இணைப்புத் தண்டு ஒவ்வொன்றிலும் 41 கிராமும் எடையைக் குறைத்தது, காற்று வாயிலையும் வெளியேற்று வால்வுகளையும் பெரிதாக்கியது, சுழற்சி வரம்பை 6,800-லிருந்து 7,500-க்கு ஏற்றியது. இத்தனையும் செய்து கிடைத்தது 24 குதிரைத்திறன். அதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கை ஒரு மடிக்கணினி ஒரு பிற்பகலில் தந்துவிட்டதாக அந்தத் தாள் சொல்கிறது.

அந்தத் தாளைப் பற்றித்தான் எனக்கு அடங்காத கோபம். டார்க்கை நியூட்டன் மீட்டரில் எடுத்து, நிமிடச் சுழற்சியால் பெருக்கி, 7,023-ஆல் வகுத்தால் மெட்ரிக் குதிரைத்திறன் வரும். இது இயற்பியல், இதற்கு விதிவிலக்கு கிடையாது. தாளில் 7,000 சுழற்சிக்கு நேராகத் திறன் 230 என்று இருக்கிறது; அதே இடத்தில் டார்க் 185 என்று இருக்கிறது. 185-ஐ வைத்துக் கணக்கிட்டால் 184 குதிரைத்திறன்தான் வருகிறது. 230 வர வேண்டுமானால் டார்க் 231 இருந்திருக்க வேண்டும், ஆனால் அந்தத் தாளின் டார்க் கோடு எந்த இடத்திலும் 205-ஐத் தாண்டவில்லை. திறன் கோட்டை மட்டும் மேலே இழுத்துவிட்டு, டார்க் கோட்டைத் தொடாமல் விட்டிருக்கிறார்கள். இன்னொன்றும் உண்டு: மாற்றத்துக்கு முன் எடுத்த அளவு என்று "சக்கரத் திறன்" என்ற தலைப்பின் கீழ் 184 என்று அச்சிட்டிருக்கிறார்கள். கியர்பெட்டியும், சக்கரங்களுக்குத் திறனைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலும், டயர்களும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு சக்கரத்தில் கிடைப்பது எஞ்சினின் அளவைவிடக் குறைவாகவே இருக்கும். நிறுவனக் கையேட்டில் உள்ள எண் அப்படியே சக்கரத்தில் வந்ததாகக் காட்டும் தாள், அளந்து எழுதிய தாளே அல்ல.

இவற்றையெல்லாம் எழுதி அனுப்பினேன். முதலில் வந்த பதில், கணினி புதிய அட்டவணையைக் "கற்றுக்கொள்ள" வேண்டும், சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டுச் சொல்லுங்கள் என்பது. ஓட்டினேன். அடுத்து, பெட்ரோலின் ஆக்டேன் போதாது என்றார்கள். உயர்ந்த ஆக்டேன் பெட்ரோல் போட்டேன். பிறகு டயரைக் குறை சொன்னார்கள், அதற்குப் பிறகு நான் கிளட்ச் விடும் முறையைக் குறை சொன்னார்கள், என் நேரமானி மலிவானது என்றார்கள். ஒரு கட்டத்தில் தங்கள் கருவியில் என் கார் 5.8 வினாடி எடுத்ததாக ஒரு காணொளியை அனுப்பி, "முன்னேற்றம் தெரிகிறதே சார்" என்றார்கள். அந்தக் கருவி மணிக்கு 60 மைலுக்கு, அதாவது 96.6 கிலோமீட்டருக்கு, நேரம் எடுத்திருந்தது; அதோடு, கார் நகரத் தொடங்கிய முதல் ஓர் அடி தூரத்தைக் கணக்கில் சேர்க்காத அமைப்பில் வைக்கப்பட்டிருந்தது. அமெரிக்க இழுவைப் பந்தய (டிராக் ரேஸ்) தடங்களிலிருந்து வந்த அந்த வழக்கத்தில் தவறில்லை, எல்லா அளவுகளையும் அதே முறையில் எடுத்தால். ஆனால் முன்னதை 100 கிலோமீட்டருக்கும் பின்னதை 60 மைலுக்கும் எடுத்து இரண்டையும் ஒப்பிட்டால், எதையும் தொடாத காரும் அரை வினாடி வேகமாகிவிடும்.

அதற்குப் பிறகு தொழில்நுட்பர் விடுப்பில் இருப்பதாகச் சொன்னார்கள். பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை. நேரில் போனபோது வரவேற்பில் இருந்தவர், மென்பொருள் ஒருமுறை ஏற்றப்பட்டுவிட்டால் பணம் திரும்பத் தரப்படாது என்ற வரியை ரசீதின் பின்பக்கத்தில் காட்டினார். ஆறு மாதச் சம்பளம் கொடுத்தவனுக்கு உட்கார நாற்காலி கூடக் காட்டவில்லை. பழைய மென்பொருள் கோப்பையாவது கொடுங்கள் என்று கேட்டேன். சேமித்து வைத்திருப்பதாக முதல் நாள் சொன்னவர்கள், அப்படி ஒன்று இல்லை என்றார்கள்.

கடைசியில் வேறொரு தொழில்நுட்பரிடம் காரைக் கொடுத்து, கணினியில் இருந்ததைப் படித்து, மாற்றப்படாத அதே வகைக் காரின் கோப்போடு வரிக்கு வரி ஒப்பிடச் செய்தேன். எரிபொருள் அட்டவணை மாறவில்லை. முழுத் திறப்பில் தீப்பொறி நேரம் மாறவில்லை. மாறியிருந்தவை இரண்டுதான்: மிதியின் அட்டவணை, மற்றும் காலை எடுக்கும்போது தீப்பொறியைத் தாமதப்படுத்தி வெடிச்சத்தம் எழுப்பும் அமைப்பு. இந்த இரண்டாவது மாற்றத்தை நான் கேட்கவே இல்லை. தாமதமாக எரியும் எரிபொருள் வெளியேற்றுக் குழாயில் எரிந்து, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கடுமையாகச் சூடாக்கும். சத்தம் எழுந்த ஒவ்வொரு முறையும் என் காரின் ஒரு விலையுயர்ந்த பாகம் தேய்ந்துகொண்டிருந்திருக்கிறது. கணினியில் மாற்றம் செய்ததற்கான தடயம் பதிவாகியிருப்பதால், எஞ்சினுக்கான உத்தரவாதமும் இனி கேள்விக்குறிதான் என்று அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தில் சொல்லிவிட்டார்கள். ஆறு மாதச் சம்பளத்துக்கு எனக்குக் கிடைத்தது ஒரு மிதி அட்டவணையும் பட்பட் சத்தமும்.

சரிபார்க்க வேண்டியவற்றை விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். இப்போதைக்கு முக்கியமானவை மட்டும். முன், பின் அளவுகள் இரண்டும் ஒரே டைனோவில், ஒரே நாளில், உங்கள் எதிரிலேயே எடுக்கப்பட வேண்டும், தாளோடு அதன் மூலக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். 7,023 கணக்கைப் பணம் கட்டுவதற்கு முன் அங்கேயே போட்டுப் பாருங்கள். டர்போ இல்லாத எஞ்சினுக்கு மென்பொருளால் மட்டும் 10 விழுக்காட்டுக்கு மேல் வாக்களித்தால் எழுந்து வந்துவிடுங்கள். பழைய கோப்பின் நகல் உங்கள் கையில் வராமல் காரை இணைக்க விடாதீர்கள். வேலை முடிந்து நீங்களே நேரம் எடுத்துப் பார்க்கும் வரை பாதித் தொகையையாவது நிறுத்தி வையுங்கள். புகாரோடு இணைக்க வேண்டிய ரசீதுகளையும் இரண்டு கோப்புகளின் ஒப்பீட்டையும் இன்றே தயார் செய்ய வேண்டியிருப்பதால் இதோடு நிறுத்துகிறேன். இதே வகைப் பட்டறையில் இதே போன்ற தாள் வாங்கியவர்கள் யாராவது இருந்தால், 7,000 சுழற்சிக்கு நேராக உள்ள திறனையும் டார்க்கையும் பார்த்து எனக்கு எழுதுங்கள்.