பிளெண்டரில் ஸ்டாண்டர்டா, ஃபில்மிக்கா, ஏஜிஎக்ஸா?

முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரில், கணக்கிட்ட ஒளி அளவுகளைத் திரைக்குரிய நிறங்களாக மாற்றும் முறைகள்தான் ஸ்டாண்டர்ட், ஃபில்மிக், ஏஜிஎக்ஸ் ஆகியவை. ஒரு வரவேற்பறையின் ரெண்டரை, அதாவது காட்சியிலிருந்து கணினி உருவாக்கிய படத்தை, அண்மையில் திருத்த நேர்ந்தபோது, அந்தப் பழைய கோப்பில் இருந்த ஃபில்மிக்கைக் கைவிட்டு ஏஜிஎக்ஸுக்கு மாறினேன். 2023 நவம்பரில் வந்த பிளெண்டர் 4.0 முதல் புதிய கோப்புகள் ஏஜிஎக்ஸுடன்தான் திறக்கின்றன. பழைய கோப்புகளோ தம்முள் சேமித்த அமைப்பையே வைத்துக்கொள்வதால், மாறுவதா வேண்டாமா என்பதை நாமே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

ஸ்டாண்டர்ட் குறித்து அதிகம் சொல்வதற்கில்லை. லோகோ, இருபரிமாண அசைவூட்டம் போன்று, கொடுத்த நிறம் அப்படியே திரையில் வர வேண்டிய வேலைகளுக்கு அதுவே சரி.

என் முடிவைத் தீர்மானித்தது கூரையிலிருந்து தொங்கிய ஓர் ஆரஞ்சு விளக்கு. அதன் எமிஷன் நிறம், அதாவது அது உமிழும் ஒளியின் நிறம், சிவப்பு 1, பச்சை 0.3, நீலம் 0. வலிமையை 4 ஆக்கினால் சிவப்பு 4, பச்சை 1.2 என்று உயர்கின்றன. ஸ்டாண்டர்ட் இரண்டையும் திரையின் உச்சமான 1-இல் வெட்டிவிடுவதால் ஆரஞ்சு விளக்கு தட்டையான மஞ்சள் வில்லையாகிவிடுகிறது, 50 வரை ஏற்றினாலும் அதே மஞ்சள்தான். ஃபில்மிக்கில் இந்த வெட்டு மென்மையாக நிகழ்கிறது என்றாலும், சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு வண்ணத் தடத்தையும் தனித்தனியே அது வளைப்பதால் நிறம் மஞ்சள் பக்கமே சாய்கிறது. இதற்கு அஞ்சி விளக்கின் வலிமையை நான் குறைத்தே வைத்திருந்தேன். அதனால் சுவரில் வெளிச்சம் போதாமல், கேமராவுக்குத் தெரியாதபடி பலகைபோல் பரப்பிலிருந்து ஒளிதரும் ஓர் ஏரியா லைட்டை ஒளித்துவைத்தேன். விளக்கை நகர்த்தும்போதெல்லாம் அந்தக் கள்ள விளக்கையும் மறவாமல் நகர்த்த வேண்டியிருந்தது. ஏஜிஎக்ஸில் ஆரஞ்சு, பிரகாசம் கூடக்கூட வெளிறி வெண்மையை நெருங்குகிறது. விளிம்பில் மட்டும் நிறம் தங்குகிறது. புகைப்படச் சுருளின் வெள்ளி ஹாலைடைக் குறிக்கும் எழுத்துகளைப் பெயராகக் கொண்ட ஒன்றுக்கு இது பொருத்தமான நடத்தைதான். வலிமையை 20 ஆக்கிவிட்டு ஒளித்துவைத்த விளக்கை அழித்துவிட்டேன்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. ஏஜிஎக்ஸில் படம் முதற்பார்வைக்குச் சோகை பிடித்ததுபோல் தெரியும். வெண்சுவர் சற்றே சாம்பலாகும். படத்தின் தோற்றத்தை மாற்றும் லுக் பட்டியலில் மீடியம் ஹை கான்ட்ராஸ்ட்டைத் தேர்ந்தால் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது, அதே பட்டியலிலுள்ள பஞ்ச்சி எனக்குச் சற்று மிகை. ஆனால் சோபாத் துணியின் நிறம் கையிலுள்ள மாதிரித் துணியோடு ஒத்திருக்க வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டால் ஏஜிஎக்ஸ் கைகொடுக்காது. அத்தகைய பொருள் விளம்பரப் படங்களுக்கென வடிவமைக்கப்பட்ட க்ரோனோஸ் பிபிஆர் நியூட்ரல் என்ற இன்னொரு முறை பிளெண்டர் 4.2-இல் வந்துள்ளது, இரண்டே வேலைகளில்தான் பயன்படுத்தியிருக்கிறேன், நிறமற்ற வெள்ளை விளக்கொளியில் துணி நன்றாகவே ஒத்துவந்தது, வண்ண விளக்குகள் நிறைந்த அறையில் அதை நம்பலாமா என்று சொல்லுமளவுக்கு எனக்குப் பழக்கமில்லை.

மாறிப் பார்ப்பவர்கள் ரெண்டரை இஎக்ஸ்ஆர் கோப்பாகச் சேமிப்பது நல்லது. பிஎன்ஜியில் அன்று தேர்ந்த அமைப்பு படத்தோடு கலந்துவிடும். இஎக்ஸ்ஆரில் காட்சியின் மூல ஒளி அளவுகளே நிற்பதால், மறுபடி ரெண்டர் செய்யாமலேயே இந்த முறைகளை மாற்றி மாற்றிப் பார்க்கலாம். அந்த வரவேற்பறையின் பழைய இஎக்ஸ்ஆரை ஏஜிஎக்ஸில் திறந்தபோதுதான், அந்தக் கள்ள விளக்கு சுவரில் பதித்திருந்த செவ்வக வெளிச்சம் எவ்வளவு அப்பட்டமாகத் தெரிந்தது என்பதைக் கண்டேன்.